தகனம்: டாக்டர் சான்று முதல் அஸ்தி வரை – ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அழுவதற்கு ஆள் இருக்கும். ஓடுவதற்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். டாக்டரைக் கூப்பிட, மயானத்தில் நேரம் வாங்க, பீரோவைத் திறந்து ஆதார் நகலைத் தேட, வண்டிக்காரரிடம் பேச என்று எல்லாமே யாரோ ஒருவர் தலையில் வந்து விழும். அவர் மருமகனாக இருக்கலாம், சித்தப்பா மகனாக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பெரும்பாலும் அவருக்கும் அதுதான் முதல் முறை.

இந்த வழிகாட்டி அந்த ஒருவருக்காக. அவருக்கு விவரம் தெரிந்திருந்தால், பறிகொடுத்தவர்கள் கடைசி நேரம்வரை உடலின் பக்கத்தில் இருக்கலாம். யாரும் அவசரத்தில் எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை. துக்க வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது கிடையாது.

தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் வழக்கமாக நடக்கும் தகனத்தை வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது. சடங்குகள் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். காகிதங்களும் அடுப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

## படி 1: மரணத்தை உறுதிசெய்து சான்று வாங்குங்கள்

மூச்சு நின்றுவிட்டது என்று வீட்டாருக்குத் தெரிந்தாலும், அதை ஒரு டாக்டர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற வேலைகள்.

வீட்டில் இயற்கையான மரணம்: கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரையே முதலில் கூப்பிடுங்கள். நோயும் மருந்தும் அவருக்குத்தான் தெரியும். இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிட்டு அவர் தரும் சான்றுக்குப் படிவம் 4ஏ என்று பெயர். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி, கடைசி நோயில் சிகிச்சை அளித்த டாக்டர் இந்தச் சான்றுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. டாக்டர் வருவதற்குள் பழைய மருத்துவ அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள்.

மருத்துவமனையில் மரணம்: மருத்துவமனையே படிவம் 4 தரும், இறப்பைப் பதிவு அலுவலகத்துக்கும் அதுவே தெரிவிக்கும். பெயர், இனிஷியல், வயது, முகவரி ஆகியவற்றை அங்கே எழுதும்போதே பக்கத்தில் நின்று சரிபாருங்கள். அங்கே விழும் எழுத்துப்பிழை பிறகு வங்கிவரை வந்து நிற்கும்.

விபத்து, தற்கொலை, பாம்புக்கடி, மின்சாரம் தாக்கியது, சந்தேகத்துக்குரிய சாவு: காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 174) போலீஸ் விசாரித்து, தேவைப்பட்டால் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பும். அது முடிந்து உடலை ஒப்படைக்கும் கடிதம் கைக்கு வரும்வரை தகனத்துக்கு நேரம் குறிக்காதீர்கள். 'ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். எரித்த பிறகு எழும் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த வழியும் இருக்காது.

## படி 2: முதல் சில மணி நேரம்

சில வேலைகளைத் தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே முடியாது.

உடலைச் சீர்படுத்துவது. இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தசைகள் விறைக்கத் தொடங்கும். அதற்குள் கண்களை மூடி, தாடையை ஒரு துணியால் கட்டி, கைகால்களை நேராக நீட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் வந்தவுடன் இதைத்தான் முதலில் செய்வார்கள். காரணம் இந்த விறைப்புதான்.

கண் தானம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உறவினர் சம்மதம் போதும். முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் கண்களும் பயன்படும். கண் வங்கிக்குப் போன் செய்தால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சு வையுங்கள். முகம் விகாரமாகாது, தகனத்துக்கும் தடை இல்லை.

பேஸ்மேக்கர். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் தகனத்துக்கு முன் எடுத்தே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி அதிக வெப்பத்தில் வெடிக்கும். அடுப்பும் உடையலாம், அடுப்பை இயக்குபவருக்கும் காயம் படலாம். தோலுக்கு அடியில் இருப்பதால் ஒரு சிறு கீறலில் எடுத்துவிடலாம். சான்று எழுதும் டாக்டரிடமோ மருத்துவமனையிலோ அப்போதே கேட்டுவிடுங்கள். மூட்டு மாற்று அறுவையில் வைத்த உலோகத்தை எடுக்க வேண்டாம். அது சாம்பலோடு வெளியே வந்துவிடும்.

நகை. கழற்றும்போது வீட்டார் இரண்டு பேர் பார்க்கட்டும். என்னென்ன எடுத்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புகள் பல இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

ஃப்ரீசர் பாக்ஸ். வெளியூரிலிருந்து யாராவது வர வேண்டுமென்றால் ஐஸ் பெட்டி தேவை. வாடகை ஒரு நாளுக்கா, மணிக் கணக்கா என்று முன்கூட்டியே பேசுங்கள். பெட்டிக்கு எர்த் உள்ள தனி பிளக் பாயிண்ட் வேண்டும். உறவினர்கள் பெட்டியின் மேல் சாய்ந்து அழுவார்கள், தரையில் தண்ணீர் சிந்தியிருக்கும். ஒட்டுப்போட்ட வயரில் ஒருபோதும் இணைக்காதீர்கள்.

## படி 3: எந்த முறையில் தகனம்?

மூன்று வழிகள் உண்டு. எதுவும் தாழ்ந்ததில்லை. குடும்பம் எதை விரும்புகிறது, உங்கள் ஊரில் எது இருக்கிறது என்பதுதான் கணக்கு.

விறகு, விராட்டிச் சிதை. முழுக்க விறகில் எரித்தால் ஒரு உடலுக்குச் சுமார் 300 முதல் 500 கிலோ விறகு செல்லும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் விராட்டிச் சிதைதான் அதிகம். அடியில் கொஞ்சம் விறகு, அதன்மேல் விராட்டி அடுக்கு, அதன்மேல் உடல். உடலைச் சுற்றியும் மேலும் விராட்டியை ஓடு வேய்வதுபோல் அடுக்குவார்கள். அதை வைக்கோலால் மூடி, குழைத்த மண்ணை மேலே பூசுவார்கள். காற்று போகச் சில துளைகள் மட்டும் விடப்படும். சூடு வெளியே போகாமல் உள்ளேயே நின்று இரவு முழுக்க நிதானமாக எரியும். மறுநாள் காலையில் மண்ணை விலக்கினால் எலும்பும் சாம்பலும் இருக்கும். மழையிலும் அணையாமல் இப்படி ஒரு சிதையை அடுக்குவது கை பழகிய வேலை. நன்றாக அடுக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருவர்தான் இருப்பார்கள்.

மின் தகனம். தீச்செங்கல் பதித்த அறைக்குள் மின்சுருள்களால் சூடேற்றுவது. விறகு வேண்டாம், புகையும் குறைவு. ஆனால் அறை சூடேற நேரமும் நிறைய மின்சாரமும் பிடிக்கும்.

எரிவாயுத் தகன மேடை. இன்று நகரங்களில் பரவலாக இருப்பது இதுதான். சில இடங்களில் எல்பிஜி சிலிண்டர்களிலிருந்து வாயு வரும். சில நகராட்சிகளில் விறகுத் துண்டுகளைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியாக அடுப்புக்கு அனுப்புவார்கள். சிதைக்கு ஆகும் விறகில் ஒரு பங்குதான் இதற்கு ஆகும். எரிவாயுவுக்கு மாறிய இடத்தையும் மக்கள் 'கரண்ட் சுடுகாடு' என்றே சொல்வார்கள். எது என்று போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முறை முடிவானதும் நேரம் வாங்குங்கள். எத்தனை மணிவரை உடலை ஏற்பார்கள், நமக்கு முன் எத்தனை பேர் இருக்கிறார்கள், அடுப்பு வேலை செய்கிறதா என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் கிளம்பி, மயான வாசலில் வண்டியோடு காத்துக் கிடக்கும் குடும்பங்கள் உண்டு. ராகுகாலம், எமகண்டம் பார்ப்பவர்கள் வீட்டிலிருந்து எடுக்கும் நேரத்தை மயானத்து நேரத்தோடு பொருத்திக்கொள்ள வேண்டும்.

## படி 4: கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்:

- டாக்டர் அல்லது மருத்துவமனை தந்த சான்று, இரண்டு நகல்களோடு
- இறந்தவரின் ஆதார் நகல்
- விண்ணப்பிக்கும் உறவினரின் ஆதார் நகல்
- போலீஸ் வழக்கு இருந்தால், உடலை ஒப்படைத்த கடிதம்

மயானத்தில் பதிவேட்டில் எழுதிக்கொண்டு ரசீது தருவார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள். வீட்டில் நடந்த மரணத்தைப் பதிவு செய்யப் போகும்போது அது கேட்கப்படும். வாங்கிய இடத்திலேயே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

## படி 5: வீட்டிலிருந்து எடுப்பது

குளிப்பாட்டுவது, நீர்மாலை, கோடி போடுவது, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது, வாய்க்கரிசி என்று அவரவர் முறைப்படி நடக்கும். முறை தெரிந்த ஒரு பெரியவரை உட்காரவைத்து அவர் சொல்வதைச் செய்தால் போதும். நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு.

மின் தகனத்துக்கோ எரிவாயு மேடைக்கோ போவதென்றால் நைலான் சேலை, பாலிதீன் உறை, ரப்பர், நுரை மெத்தை, பன்னீர் பாட்டில், நெய் பாட்டில், காதுகேள் கருவி எதுவும் உடலோடு போகக் கூடாது. பிளாஸ்டிக் உருகி அடுப்பில் ஒட்டும், விஷப்புகை வரும். சுற்றத்தார் போட்ட கோடிகளும் மாலைகளும் ஒரு குவியலாக மேலே கிடக்கும். ஒரு பருத்திக் கோடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வீட்டிலேயே எடுத்துவிடலாம். மயானத்தில் கூட்டத்துக்கு நடுவே உருவி எறிவதைப் பார்க்க நேரும் மனைவிக்கோ மகளுக்கோ அது தனி வேதனை.

அரசு மருத்துவமனையில் இறந்தவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகத் தமிழ்நாட்டில் இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. 108 ஆம்புலன்ஸ் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். தனியார் வண்டி என்றால் கிலோமீட்டர் கணக்கா, மொத்த வாடகையா, காத்திருப்புக்கு எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

போகும் வழியில் மாலைகளைப் பிய்த்துச் சாலையில் எறிவதையும் வெடி வெடிப்பதையும் தடுங்கள். பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர் வழுக்கி விழுந்தால் இன்னொரு வீட்டுக்கும் துக்கம்.

## படி 6: மயானத்தில்

பல மயானங்களின் முகப்பில் அரிச்சந்திரன் கோயிலோ மேடையோ இருக்கும். அங்கே சிறிது நேரம் இறக்கி வைத்து, அதன்பின் உள்ளே கொண்டுபோவார்கள். கொள்ளி வைப்பவர் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று முறை சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை போடுவார்கள். மூன்றாம் சுற்றில் திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் போட்டு உடைப்பார். சிதையென்றால் கொள்ளியை அவரே வைப்பார். எரிவாயு மேடையில் உடலைத் தள்ளுமேடையில் கிடத்தியதும் நெஞ்சின் மேல் சூடம் ஏற்றுவதுதான் கொள்ளி. அதன்பின் கதவு மேலே எழும்பும், உடல் உள்ளே போகும், கதவு இறங்கும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சிதைக்குப் பழகிய பெரியவர்கள் இந்த வேகத்தில் அதிர்ந்துபோவார்கள். முன்பே சொல்லி வையுங்கள். முகம் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்களா என்று கேட்டபிறகே பணியாளருக்குக் கையைக் காட்டுங்கள்.

பெண்கள் மயானத்துக்கு வருவதையோ கொள்ளி வைப்பதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மகன் இல்லாத வீடுகளில் மட்டுமல்ல, மகன் இருக்கும் வீடுகளிலும் மகள்கள் இன்று கொள்ளி வைக்கிறார்கள். ஒரு மகள் கேட்டால் அவளுக்காகப் பேசுங்கள். தகப்பனுக்குக் கடைசியாகச் செய்வதை அவளுக்கு மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

## படி 7: அடுப்புக்குள் என்ன நடக்கிறது?

பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

அறையின் வெப்பம் சுமார் 760 முதல் 1,000 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும். மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். முதலில் ஆவியாவது அதுதான். வெப்பத்தின் பெரும்பங்கு அதற்கே செலவாகும். பிறகு தோலும் கொழுப்பும் பற்றும். கொழுப்பு தானே எரிபொருளாகி வெப்பத்தைக் கூட்டும். உடலுக்கு உடல் நேரம் வேறுபட இது ஒரு காரணம்.

சூட்டில் தசைகள் சுருங்குவதால் முழங்கையும் முழங்காலும் மடங்கும். திறந்த சிதையில் 'பிணம் எழுந்து உட்கார்ந்தது' என்று சொல்வது இதைத்தான். சிதையில் மேலே கனமான கட்டையை வைப்பதும் மண் பூசுவதும் இந்த அசைவைத் தாங்கவும் உதவும். உயிரோ வலியோ அங்கே இல்லை. சூடு பட்ட தசையின் இயல்பு அது.

கடைசிவரை எரிவது மார்பும் இடுப்பும். எலும்பில் இருக்கும் கரிமப் பொருள் எரிந்துபோக, கால்சியம் பாஸ்பேட் என்ற தாது மட்டும் மிஞ்சும். எலும்பு முதலில் கறுத்து, சாம்பல் நிறமாகி, முடிவில் வெளுக்கும். வெள்ளை எலும்பு நன்றாக எரிந்ததற்கு அடையாளம். நவீன அடுப்பில் இதெல்லாம் முடிய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். புகையை இரண்டாவது அறையில் மறுபடி எரித்து, தண்ணீர்த் தூவலில் கழுவி, உயரமான புகைபோக்கி வழியாக வெளியேற்றுவார்கள்.

'நம் அப்பாவின் சாம்பல்தானா?' என்ற சந்தேகம் இயல்பானது. ஒரு நேரத்தில் ஒரு அடுப்பில் ஒரு உடல்தான். அடுத்ததை வைக்கும் முன் சாம்பலை வாரி எடுத்துவிடுவார்கள். செங்கல் இடுக்கில் மிகச் சிறிது தங்கலாம்; மற்றதெல்லாம் அவருடையதே. டோக்கன் எண்ணும் பெயரும் அஸ்திக் கலயத்தில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

## படி 8: அஸ்தி

எரிவாயு மேடையில் அன்றே சில மணி நேரத்தில் கிடைக்கும். சிதையென்றால் மறுநாள் காலை பால் தெளிக்கும்போது. ஊரைப் பொறுத்து இதைக் காடாற்று என்றும் சஞ்சயனம் என்றும் சொல்வார்கள். பாலும் தண்ணீரும் தெளித்துச் சூட்டை ஆற்றி, கால் எலும்பிலிருந்து தொடங்கித் தலைவரை பொறுக்கிக் கலயத்தில் இடுவது பொதுவான வழக்கம்.

பெரியவர் ஒருவரின் அஸ்தி மொத்தம் இரண்டு மூன்று கிலோ இருக்கும். வெளிநாடுகளில் அதை அரைத்துப் பொடியாகத் தருவார்கள். நம் ஊரில் எலும்புத் துண்டுகளாகவே கிடைக்கும். முதன்முறை பார்க்கும் இளைஞர்கள் இதற்குத் தயாராக இருப்பது நல்லது.

கரைக்கும் இடம் குடும்ப வழக்கம்: ராமேசுவரம், கன்னியாகுமரி, பவானி கூடுதுறை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், அருகில் இருக்கும் ஆறு அல்லது கடல். அஸ்தியையும் பூவையும் மட்டும் நீரில் விடுங்கள். துணி, பிளாஸ்டிக் பை, சாமி படம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வாருங்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் கொஞ்சம் எடுத்து வைப்பதென்றால் இறப்புச் சான்றிதழ் நகலும் மயான ரசீதும் அதனுடன் இருக்கட்டும். விமானத்தில் கொண்டுபோக அவை கேட்கப்படும்.

## படி 9: இருபத்தொரு நாளுக்குள்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. 30 நாள்வரை தாமதக் கட்டணம்; அதற்குமேல் மேலதிகாரி அனுமதி; ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ளவரின் உத்தரவு.

எங்கே பதிவு என்பதில்தான் பலர் அலைகிறார்கள். வாழ்ந்த ஊரிலும் இல்லை, எரித்த ஊரிலும் இல்லை. இறந்த ஊரில்தான். மதுரைக்காரர் வேலூர் மருத்துவமனையில் இறந்தால் வேலூரில்தான் பதிவு. கிராமத்தில் நடந்த மரணத்துக்கு விஏஓ. நகரத்தில் நகராட்சி, மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவு.

வாரிசுச் சான்றிதழ், வங்கி, எல்ஐசி, குடும்ப ஓய்வூதியம், பட்டா மாற்றம் எல்லாமே இறப்புச் சான்றிதழ் என்ற இந்த ஒரு காகிதத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆதாரில் உள்ள எழுத்தும் சான்றிதழில் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்று பார்த்தபிறகே வாங்குங்கள்.

## செலவும், அங்கே வேலை செய்பவர்களும்

செலவு நான்கு வகை: வண்டி, ஃப்ரீசர் பாக்ஸ், பூவும் சடங்கும், மயானம். சென்னை மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்குக் கட்டணம் கிடையாது. மற்ற ஊர்களில் கட்டணத்தைக் கேட்டு, ரசீதுக்கு மட்டும் பணம் கொடுங்கள். இறந்தவர் கட்டுமானத் தொழிலாளர் போன்ற நலவாரிய உறுப்பினராக இருந்தால் ஈமச்சடங்கு உதவித்தொகை உண்டு. அட்டையைத் தேடுங்கள்.

கட்டணத்துக்கு மேல் பணியாளருக்கு மனமுவந்து கொடுப்பது வேறு விஷயம். சூட்டிலும் புகையிலும் நின்று, நம்மால் தொட முடியாததைத் தொட்டு வேலை செய்பவர் அவர். சாதியைச் சேர்த்து அழைக்கும் பழைய பெயரால் அவரைக் கூப்பிடாதீர்கள். 'அண்ணே', 'ஐயா' என்று கூப்பிடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், நன்றி சொல்லுங்கள். துக்கம் நமக்கு ஒரு நாள். அவருக்கு அது அன்றாட வேலை.

## இன்றே எழுதி வைக்க வேண்டியவை

ஒரு தாள் போதும். வீட்டில் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒன்று:

1. எரிப்பதா, புதைப்பதா, எரிப்பதென்றால் எந்த முறை
2. கண் தானம், உடல் தானம் பற்றிய விருப்பம்
3. பேஸ்மேக்கர் இருக்கிறதா, வைத்தியம் பார்க்கும் டாக்டர் பெயரும் எண்ணும்
4. கொள்ளி யார் வைக்க வேண்டும், அஸ்தியை எங்கே கரைக்க வேண்டும்
5. ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம் எங்கே இருக்கின்றன

'நல்ல நாளும் அதுவுமாக இதையா பேசுவது?' என்று முதலில் கோபப்படுவார்கள். கொஞ்சம் பொறுத்தால் அவர்களே பேசத் தொடங்குவார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெளிவான விருப்பம் இருக்கும், கேட்க ஆள் இல்லாததுதான் குறை. அந்தத் தாள் இருக்கும் வீட்டில் அன்றைக்கு அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம் வராது. பொறுப்பை எடுத்துக்கொண்டவர் செய்வது தன் முடிவை அல்ல, போனவரின் முடிவை.